சந்திரகிரிக் கோட்டைக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

சித்தூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வேலூர், ஆற்காடு, காஞ்சிபுரம் பக்கத்து உறவினர்கள் வந்தால் திருப்பதிப் பயணம் கட்டாயம் உண்டு. வண்டி சந்திரகிரியைத் தொடும்போது, மொட்டைப் பாறையாக எழுந்து நிற்கும் மலையைப் பார்த்துவிட்டு, "இது என்ன கோட்டை? இறங்கிப் பார்க்கலாமா?" என்று யாராவது ஒருவர் கேட்டே தீருவார். அப்படிக் கேட்டவர்களை அழைத்துக்கொண்டு பல முறை போய்வந்திருக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு நான் சொன்ன பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். பெரும்பாலானவர்கள் அரண்மனையை அரை மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுக் கோட்டையைப் பார்த்துவிட்டதாக நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். அந்தக் குறையைத் தீர்க்கவேண்டும் என்பதுதான் இதை எழுத முக்கியமான காரணம்.

சந்திரகிரி என்பது காசர்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதுதானே?

அது வேறு, இது வேறு. கேரளத்தின் வட கோடியில், காசர்கோட்டை ஒட்டி, ஆற்றங்கரையில் ஒரு சந்திரகிரிக் கோட்டை இருக்கிறது. அது கேளடி நாயக்கர் காலத்தது. கர்நாடகத்தில் சிரவணபெளகொளாவில் உள்ள சமணர் குன்றுக்கும் சந்திரகிரி என்றுதான் பெயர். நான் இங்கே சொல்வது ஆந்திரத்தில், திருப்பதிக்கு மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில், சொர்ணமுகி ஆற்றின் பக்கத்தில் இருக்கும் சந்திரகிரி. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த ஊர், 2022 ஏப்ரல் 4 முதல் புதிய திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. இணையத்தில் வழி தேடுகிறவர்கள் ஊரின் பெயரோடு திருப்பதியையும் சேர்த்துத் தேடுவது நல்லது.

மலை மேல் இருப்பதுதான் கோட்டையா, கீழே இருக்கும் அரண்மனை கோட்டையா?

இரண்டும் சேர்ந்ததுதான் கோட்டை. ஏறக்குறைய அறுநூறு அடி உயரமுள்ள ஒரே கருங்கல் மலையின் மேல் மேல்கோட்டை இருக்கிறது. அதன் தெற்கு அடிவாரத்தில் மதிலும் அகழியும் சூழ்ந்த கீழ்க்கோட்டை இருக்கிறது. ராஜ மகால், ராணி மகால், சிதைந்த கோயில்கள், மண்டபங்கள் எல்லாம் கீழ்க்கோட்டைக்குள் அடங்கும். அரசர் வாழ்ந்ததும் அரசு நடந்ததும் கீழே. பகைவர் கீழ்மதிலைத் தாண்டிவிட்டால் ஒதுங்குவதற்கான கடைசி அரண் மேலே. மலையையே முதுகாக வைத்துக்கொண்டு மற்ற பக்கங்களுக்கு மட்டும் மதில் எழுப்பியிருப்பதால், மலையை விட்டுவிட்டு அரண்மனையை மட்டும் பார்ப்பவருக்கு இந்த இடம் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதே விளங்காமல் போய்விடும்.

உள்ளே போனதும் முதலில் எதைப் பார்ப்பது?

மதிலை. நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்துக்கு வண்டியிலேயே போய் இறங்கினால் மதில் கண்ணில் பட்டும் படாமல் கடந்துபோய்விடும். ஆகையால் கோட்டை வாசலுக்கு வெளியிலேயே இறங்கி நடக்குமாறு எல்லோரிடமும் சொல்லுகிறேன். வாசல் வழி நேராக உள்ளே செல்லாமல் மடங்கிச் செல்வதைக் கவனியுங்கள். யானையோ குதிரைப் படையோ ஓடிவந்த வேகத்தில் கதவை மோதமுடியாதபடி செய்வதற்கு அக்காலத்தில் கையாண்ட வழி அது.

பிறகு மதிலுக்கு அருகில் சென்று ஒரு கல்லைத் தொட்டுப்பாருங்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் காரை கிடையாது. ஆள் உயரத்துக்குக் கிடக்கும் பாறைத் துண்டின் விளிம்பை, பக்கத்துக் கல்லின் வளைவுக்கு ஏற்றபடி செதுக்கி, தன் பாரத்தாலேயே அது நிற்கும்படி அடுக்கியிருக்கிறார்கள். சில கற்களின் ஓரத்தில், ஒரே அளவான இடைவெளியில், விரல்நுனி நுழையும்படியான சிறு சதுரப் பள்ளங்கள் வரிசையாக இருக்கும். பாறையில் அந்தக் குழிகளை வெட்டி, அவற்றில் ஆப்பு இறக்கி, வரிசையாக அடித்துக்கொண்டே போனால் பாறை அந்தக் கோட்டில் பிளந்துகொள்ளும். நீங்கள் தொடுவது அந்தப் பிளவில் எஞ்சிய பாதிக் குழி. மறுபாதி வேறு எந்தக் கல்லிலோ, மதிலின் வேறு எந்தப் பக்கத்திலோ இருக்கும். என் தங்கை மகன் ஒருமுறை அந்தக் குழி ஒவ்வொன்றிலும் விரலை விட்டு எண்ணிக்கொண்டே வந்தான். அரண்மனைக்குள் போன பிறகும் அவன் அந்தக் கல்லைப் பற்றித்தான் பேசினான்.

கோட்டையை யார் கட்டினார்கள்?

ஒருவர் கட்டியதாகச் சொல்லமுடியாது. ஏறக்குறைய கி.பி. 1000இல் இம்மடி நரசிம்ம யாதவராயர் கட்டத் தொடங்கினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. யாதவராயர்கள் சோழர்களுக்குக் கீழும், பிறகு தனித்தும் திருப்பதி வட்டாரத்தை ஆண்ட குறுநில மன்னர்கள். திருமலைக் கோயிலில் அவர்களுடைய தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1367இல் கோட்டை விசயநகர அரசின் கைக்கு வந்தது. ஊருக்கு உண்மையான ஏற்றம் தந்தவர் சாளுவ நரசிம்மர். சந்திரகிரியில் அதிகாரியாக இருந்து வளர்ந்த அவர், 1485இல் விசயநகர அரியணையிலேயே அமர்ந்தார். திருமலைக் கோயிலில் அவர் செய்த அறக்கட்டளைகள் மிகுதி. கிருஷ்ணதேவராயர் இளமையில் இங்கே வாழ்ந்தார் என்று ஊர்மக்கள் சொல்வார்கள். அவர் தம் தம்பி அச்சுதராயரை இந்தக் கோட்டையில்தான் காவலில் வைத்திருந்தார். அதே அச்சுதராயர் 1529இல் அரசரானார்.

1565இல் தலைக்கோட்டைப் போரில் தோற்று, தலைநகரமான ஹம்பியே அழிந்துபோன பிறகு, அரச குடும்பம் முதலில் பெனுகொண்டாவுக்குச் சென்றது. அங்கும் கோல்கொண்டாப் படையின் நெருக்கடி தொடர்ந்தபோது, 1586 முதல் 1614 வரை ஆண்ட வேங்கடபதிராயர் தலைநகரைத் தெற்கே சந்திரகிரிக்கு மாற்றினார். பின்னர் வேலூரும் அவருடைய இருப்பிடம் ஆயிற்று. போர்ச்சுகீசிய இயேசு சபைப் பாதிரியார்கள் அவருடைய அவைக்கு வந்து அரசரைக் கண்டிருக்கிறார்கள்.

அதற்குப் பிந்தைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1646இல் கோல்கொண்டா பிடித்தது. ஒரு நூற்றாண்டு கழித்து ஆற்காட்டு நவாபின் கைக்கு வந்தது. 1758இல் நவாபின் சகோதரர் அப்துல் வகாப் கான் வைத்திருந்தார். 1782இல் ஹைதர் அலியிடம் சரணடைந்து, 1792 உடன்படிக்கை வரை மைசூரின் கீழ் இருந்தது. அதன் பிறகு இதற்காகப் போரிட ஆளில்லை. கோட்டை கிட்டத்தட்ட மறக்கப்பட்டுவிட்டது.

சென்னைப் பட்டணத்தை எழுதிக்கொடுத்தது இந்த ராஜ மகாலில்தான் என்கிறார்களே, உண்மையா?

வழிகாட்டிகள் அப்படித்தான் சொல்லுவார்கள். அதில் பாதி உண்மை. 1639 ஆகஸ்ட் 22 என்று ஆண்டுதோறும் சென்னை நாளாகக் கொண்டாடுகிறோமே, அந்த ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டேவுக்குக் கடற்கரைப் பகுதியில் கோட்டை கட்ட இசைவு தந்தவர் அரசர் அல்லர். வந்தவாசிப் பக்கத்தை ஆண்ட தாமல் வேங்கடாத்ரி நாயக்கர். அவருடைய தந்தை சென்னப்ப நாயக்கரின் பெயரைத்தான் சென்னப்பட்டணம் என்று புதிய ஊருக்கு வைத்தார்கள். அந்த நாயக்கர் யாருக்கு அடங்கியவரோ அந்தப் பேரரசர் சந்திரகிரி ராயர். 1642இல் அரியணை ஏறிய மூன்றாம் ஸ்ரீரங்கராயர், 1645இல் கம்பெனியின் உரிமையை உறுதிசெய்து தம் பெயரில் ஆணை கொடுத்தார். ஆகவே, ராயர் இந்த மாடத்தில் உட்கார்ந்து சென்னையைத் தாரைவார்த்தார் என்ற காட்சியை அப்படியே எடுத்துக்கொள்ளவேண்டாம். சென்னை இருக்கும் மண் அன்றைக்குச் சந்திரகிரி அரசுக்கு உட்பட்டிருந்தது என்பதில் ஐயமில்லை. இன்று சென்னையிலிருந்து திருப்பதிக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ராஜ மகாலில் மரமே கிடையாது என்பது சரியா? அதில் என்ன சிறப்பு?

சரிதான். மூன்று தளங்கள் கொண்ட இந்த அரண்மனை கல், செங்கல், சுண்ணாம்புக் காரை ஆகியவற்றால் மட்டும் கட்டப்பட்டது. உத்தரம், விட்டம் என்று எதற்கும் மரம் பயன்படவில்லை. இதை வெறும் புதுமையாகப் பார்க்காமல், ஹம்பியோடு வைத்துப் பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும். ஹம்பியில் அரசர்கள் வாழ்ந்த அரண்மனைகள் கல் அடித்தளத்தின் மேல் மரத்தால் எழுப்பப்பட்டவை. மேல்கட்டு அழிந்துபோய் இன்று அங்கே அடித்தளங்கள் மட்டுமே வரிசையாகக் கிடக்கின்றன. விசயநகர அரசர்கள் வாழ்ந்த அரண்மனை ஒன்றைக் கூரையோடும் மாடிப்படியோடும் பார்க்கவேண்டுமானால், சந்திரகிரியைப் போல வாய்ப்பான இடம் மிக அரிது. எரிவதற்கோ கரையான் அரிப்பதற்கோ இதில் எதுவும் இல்லாததுதான் இது தப்பியதற்கு ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

மரம் இல்லாமல் தளம் எப்படி நிற்கிறது என்று பார்க்க, உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள். தூணுக்குத் தூண் வளைவு எழும்புகிறது. வளைவுகளின் மேல் செங்கல்லைக் கவிழ்த்த கிண்ணம் போல வளைத்துக்கொண்டு வந்து மூடியிருக்கிறார்கள். மேல்தளத்தின் பாரம் வளைவு வழியாகத் தூணுக்கு இறங்கி, தூண் வழியாகத் தரைக்குப் போய்விடுகிறது. அதனால்தான் கீழ்த்தளத்துத் தூண்கள் அத்தனை பருமனாக இருக்கின்றன. வெளியே வந்து தள்ளி நின்று பார்த்தால், கூம்பிய வளைவுகளும் மாடங்களும் சுல்தான்களின் கட்டடங்களை நினைவூட்டும். உச்சியில் இருக்கும் கோபுரங்களோ நம் கோயில் விமானங்களைப் போலப் படிப்படியாகக் குறுகிச் செல்லும். ஹம்பியில் தாமரை மகாலில் இருக்கும் அதே கலப்பு இங்கே பெரிய அளவில் நிற்கிறது. போரிட்ட இரு தரப்பாரின் கட்டடக் கலையும் ஒரே சுவரில் சண்டையில்லாமல் பொருந்தியிருப்பதைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்புத்தான்.

சுவரின் சுண்ணாம்புப் பூச்சு உதிராத இடங்களில் கையை வைத்தால் வழவழப்பாகவும், வெளியே எத்தனை வெயிலாக இருந்தாலும் சில்லென்றும் இருக்கும். நம் பக்கத்துப் பழைய கொத்தனார்கள் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துக் காரையை நாள்கணக்கில் அரைத்த கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த உழைப்பு எப்படிப்பட்ட பலனைத் தரும் என்பதை இங்கே கையாலேயே உணரலாம்.

அருங்காட்சியகத்தில் என்ன இருக்கிறது?

ராஜ மகாலுக்குள்தான் இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இயங்குகிறது. கற்சிற்பங்கள், செப்புத் திருமேனிகள், படைக்கலங்கள், நாணயங்கள் ஆகியவை இருக்கின்றன. குடிமல்லம், கண்டிக்கோட்டை, யாகந்தி பகுதிகளிலிருந்து கொண்டுவந்த பொருள்களும் உண்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை. திருமலையில் வியாழன் இரவு தங்கி வெள்ளிக்கிழமை திரும்பும் குடும்பங்கள் பல, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போனதை நேரில் பார்த்திருக்கிறேன். நாளை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

ராணி மகாலில் ராணிகள்தான் வாழ்ந்தார்களா?

பெயரை வைத்து அப்படி முடிவுசெய்யமுடியாது. பல கோட்டைகளில் பெரிய கட்டடத்தை ராஜ மகால் என்றும் பக்கத்தில் இருக்கும் சிறியதை ராணி மகால் என்றும் பிற்காலத்தவர் அழைத்திருக்கிறார்கள். இங்கே இருப்பது இரண்டு தளக் கட்டடம். கீழ்த்தளம் வளைவுகளாகத் திறந்து கிடப்பதால், பெண்கள் தங்கும் அந்தப்புரத்துக்கு வேண்டிய மறைப்பு அதில் தெரியவில்லை. எதுவானாலும், ராஜ மகாலைப் பார்க்கும் கூட்டம் இங்கே வருவதில்லை. அமைதியாக உட்கார்ந்து மலையைப் பார்க்க இதுவே நல்ல இடம்.

மலை மேல் ஏறலாமா? எவ்வளவு கடினம்?

முதலில் வாசலில் இருக்கும் காவலரிடம் கேளுங்கள். மேலே செல்ல எல்லா நாள்களிலும் அனுமதிப்பதில்லை. மறுத்தால் வற்புறுத்தவேண்டாம். காட்டுப் புதரும் சரிந்த கல்லும் நிறைந்த இடம் என்பதால் அவர்களுக்கும் பொறுப்பு இருக்கிறது.

அனுமதி கிடைத்தால், வழி திருமலைப் படிக்கட்டைப் போல இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில இடங்களில் வெட்டிய படிகள் இருக்கும். சில இடங்களில் படி சரிந்து கல்லாகக் கிடக்கும். வேறு சில இடங்களில் வெறும் பாறைச் சரிவின் மேல்தான் நடக்கவேண்டும். முதல் முறை ஏறியபோது பாதியில் வழி தப்பி நின்றோம். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், நாங்கள் தமிழில் பேசிக்கொள்வதைக் கேட்டுவிட்டு, "படி தெரியலேன்னா ஆடு போற தடத்தைப் பாருங்கப்பா, அது தப்பாது" என்று தமிழிலேயே சொன்னார். அன்று முதல் இன்றுவரை அதைத்தான் கடைப்பிடிக்கிறேன். ஆட்டுத் தடம் செங்குத்தாகப் போகாது. சரிவை அணைத்துக்கொண்டு வளைந்து வளைந்து போகும்.

இன்னொரு முறை, சித்திரை மாதத்தில், காலை பதினொரு மணிக்கு ஏறத் தொடங்கிய தவற்றைச் செய்தோம். அதற்கு நான்தான் காரணம். அரண்மனையை முதலில் பார்த்துவிடலாம் என்று நேரத்தைக் கடத்திவிட்டேன். மேலே போவதற்குள் பாறை அடுப்புக் கல்லாகச் சுட்டது. மைத்துனருக்குத் தலைசுற்றி, சிதைந்த மண்டபத்தின் நிழலில் ஒரு மணி நேரம் படுக்கவைத்து, இருந்த தண்ணீரை எல்லாம் அவருக்கே கொடுத்து, மெதுவாக இறக்கிக்கொண்டு வந்தோம். ஆகவே சொல்லுகிறேன்: மலை முதலில், அரண்மனை பிறகு. விடிந்த உடனே ஏறி, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடவேண்டும். நல்ல பிடிப்புள்ள காலணி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தலைக்குத் துண்டு ஆகியவை கட்டாயம் வேண்டும். தனியாகப் போகக்கூடாது. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் கால் வழுக்கும்.

மேலே என்ன இருக்கிறது என்று கேட்டால், வாசல்கள், மதில் துண்டுகள், தண்ணீர்க் குளங்கள், இடிந்த கட்டடங்கள் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் அங்கே நின்று வடக்கே பார்த்தால் சேஷாசல மலைத்தொடர் நீண்டு கிடக்கும். கீழே சமவெளியில் வரும் எந்தப் படையும் வெகுதொலைவிலேயே தெரிந்துவிடும். அரசர் ஏன் இங்கே வந்தார் என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான விடை வேறில்லை.

கற்பாறை மலையில் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்?

மொட்டைப் பாறையில் மழை பெய்தால் ஒரு சொட்டும் மண்ணுக்குள் போகாது. அத்தனையும் வழிந்து ஓடும். அந்த ஓட்டத்தைப் பாறைப் பள்ளங்களில் கரை கட்டித் தேக்கினார்கள். மேலிருந்து வழிவது அடிவாரத்துக் குளங்களுக்கும் கிணறுகளுக்கும் வந்துசேரும். முற்றுகை மாதக்கணக்கில் நீடித்தால் கோட்டையைக் காப்பாற்றுவது பீரங்கியைவிடத் தண்ணீர்தான் என்பதால், மலைக்கோட்டை எதைப் பார்க்கப் போனாலும் குளத்தைத் தேடிப் பார்க்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு போனால் பாறையில் நீர் வழிந்த கறுப்புத் தடங்கள் குளத்தை நோக்கி இறங்குவதைக் கண்ணால் காணலாம். மழை பெய்துகொண்டிருக்கும் நாள்களில் மட்டும் மலையேற்றத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

மார்கழி, தை, மாசி. பங்குனிக்குப் பிறகு வெயில் தாங்காது.

எப்படிப் போவது?

திருப்பதியிலிருந்து சந்திரகிரிக்குப் பேருந்துகளும் பகிர்வு ஆட்டோக்களும் நாள் முழுவதும் உண்டு. சித்தூர், பாகாலைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குச் சந்திரகிரி திருப்பதிக்கு முன்பே வந்துவிடும். காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலை வழியாகத் திருப்பதிக்குப் போகும் இருப்புப்பாதையில் சந்திரகிரி ஒரு நிலையம். எல்லா வண்டிகளும் அங்கே நிற்பதில்லை என்பதால், சாதாரணப் பயணி வண்டியைப் பார்த்து ஏறவேண்டும். அந்த வண்டியில் கூட்டமில்லாத நாளில் வந்தால், பாகாலை தாண்டியதிலிருந்து பாறைக் குன்றுகளைப் பார்த்துக்கொண்டே வரலாம்.

தமிழ் மட்டும் தெரிந்தால் போதுமா?

போதும். சித்தூர், நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் என்று இந்த எல்லைப் பகுதி முழுவதும் இரண்டு மொழியும் கலந்து வாழ்கிறவர்கள்தான் மிகுதி. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதன் பெரும்பகுதி வட ஆற்காட்டிலிருந்து பிரிக்கப்பட்டது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. சத்தியவேட்டுப் பகுதி இந்தப் பக்கம் வந்தது. கோடு மாறினாலும் வீட்டுப் பேச்சு மாறவில்லை. கடைக்காரரிடம் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வரும். அறிவிப்புப் பலகைகள் பெரும்பாலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் இருக்கும்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லவேண்டும். திருமலை, திருப்பதிக் கோயில் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் இருக்கின்றன. தெலுங்கு, கன்னட அரசர்கள் ஆண்ட விசயநகரக் காலத்திலும் கோயில் கணக்கும் அறக்கட்டளை ஏற்பாடும் தமிழில் எழுதப்பட்டன. எந்த மொழியார் கட்டிய கோட்டை இது என்று சிலர் சூடாகக் கேட்பதுண்டு. எல்லா மொழியாரும் வந்துபோன நாட்டில் அந்தக் கேள்விக்கு இடமில்லை என்பதே என் பதில்.

திருமலைப் பயணத்தோடு சேர்த்துக்கொள்ளலாமா?

தாராளமாக. அதற்கு வரலாற்றுப் பொருத்தமும் இருக்கிறது. சந்திரகிரிக்கு அருகில் உள்ள ஸ்ரீநிவாச மங்காபுரத்திலிருந்துதான் ஸ்ரீவாரி மெட்டு என்ற படிவழி திருமலைக்கு ஏறுகிறது. தெலுங்கில் மெட்டு என்றால் படி. மொத்தம் 2,388 படிகள். அலிபிரி வழியைவிடக் குறுகியது, ஆனால் செங்குத்தானது. சந்திரகிரியில் இருந்த அரசர்கள் பெருமாளைக் காணச் சென்ற வழி இதுவே என்று சொல்லப்படுகிறது. மங்காபுரத்துக் கல்யாண வேங்கடேசுவரர் கோயிலையும் பார்த்துவிடுங்கள். திருமணம் முடிந்த பின் பெருமாளும் பத்மாவதித் தாயாரும் ஆறு மாதம் தங்கிய இடம் என்பது தல வரலாறு. 1513 முதல் கிருஷ்ணதேவராயர் ஏழு முறை திருமலைக்கு வந்திருக்கிறார். தேவியர் இருவரோடு அவர் கைகூப்பி நிற்கும் செப்புச் சிலைகள் திருமலைக் கோயிலுக்குள் நுழைந்ததும் மண்டபத்தில் இருக்கின்றன. கூட்டத்தில் தள்ளிக்கொண்டு போகும்போது பெரும்பாலோர் அவற்றைக் கவனிப்பதே இல்லை.

ஒரே நாளில் கோட்டை மலையும் ஸ்ரீவாரி மெட்டும் ஏறவேண்டாம். முதல் நாள் கோட்டை, மறுநாள் மெட்டு என்று வைத்துக்கொண்டால் கால் தாங்கும்.

வயதானவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப்போகலாமா?

கீழ்க்கோட்டை பெரும்பாலும் சமதரை. புல்வெளியும் மரநிழலும் இருக்கின்றன. முழங்கால் வலி உள்ளவர்கள் ராஜ மகாலின் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மாடிப்படிகள் குறுகலாகவும் உயரமாகவும் இருக்கும். என் அம்மா எழுபது வயதில் வந்தபோது மாடிக்கு ஏறவில்லை. வெளியே மரத்தடியில் உட்கார்ந்து, "கட்டினவன் கை நல்ல கை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. குரங்குகள் இருப்பதால் தின்பண்டத்தைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து நடக்கவிடாதீர்கள்.

படம் எடுக்கத் தடை உண்டா?

வெளியில் கைப்பேசியில் எடுக்கலாம். அருங்காட்சியகத்துக்குள் காவலர் சொல்வதைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள். அனுமதி இல்லாமல் டிரோன் பறக்கவிடக்கூடாது.

படத்தைவிட எனக்குக் கவலை தருவது கிறுக்கல்தான். மேல்தளச் சுவர்களில் சுண்ணாம்புப் பூச்சின் மேல் ஆணியால் கீறிய பெயர்கள், அம்பு பாய்ந்த இதயங்கள், தேதிகள் இருக்கின்றன. அவற்றில் தமிழ்ப் பெயர்களும் இருப்பதைப் படிக்கும்போது வெட்கமாக இருக்கிறது. சிமெண்டை வைத்து அந்தக் கீறலை அடைக்கமுடியாது. அதே பக்குவத்தில் காரை அரைத்துத்தான் பூசவேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். உங்களோடு வரும் இளைஞர்களிடம் இதை உள்ளே நுழையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கோட்டைக்குள் இருக்கும் கோயில்களில் பூசை நடக்கிறதா?

சைவ, வைணவக் கோயில்கள் எட்டு சிதைந்த நிலையில் இருக்கின்றன. மூலவர் இல்லாத கருவறைகள் உண்டு. கட்டடமாகத்தான் பார்க்கவேண்டும். வழிபட விரும்புகிறவர்கள் ஊரில் இருக்கும் மூலஸ்தான எல்லம்மன் கோயிலுக்குப் போகலாம். அங்கே நாள்தோறும் மக்கள் வந்துகொண்டிருப்பார்கள்.

சாப்பாட்டுக்கு என்ன வழி?

கோட்டைக்குள் நம்பிச் செல்லும்படி எதுவும் கிடையாது. ஊருக்குள் சிற்றுண்டிக் கடைகள் இருக்கின்றன. நாங்கள் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு போவோம். சாப்பிட்ட இலையையும் காகிதத்தையும் பையிலேயே திரும்ப எடுத்துவந்துவிடுங்கள்.

மொத்தம் எத்தனை மணி நேரம் வேண்டும்?

மலையேறாமல் பார்க்க மூன்று மணி நேரம் வேண்டும். மலையும் சேர்த்தால் விடியற்காலை தொடங்கிப் பிற்பகல் வரை ஆகும். மாலையில் ஒலி ஒளிக் காட்சி நடத்துவது வழக்கம். அன்றைக்கு உண்டா, எந்த மொழியில் என்பதை நுழைவுச்சீட்டு கொடுக்கும் இடத்தில் கேட்டுக்கொள்ளலாம். காட்சி இல்லாவிட்டாலும், வெயில் தாழும் நேரத்தில் ராஜ மகாலுக்கு எதிரே புல்லில் உட்கார்ந்திருங்கள். மேற்கு வெயில் பக்கவாட்டில் விழும்போது வளைவுகளின் நிழல் ஒவ்வொன்றாக உள்ளே நகரும். பின்னால் இருக்கும் பாறை அரை மணி நேரத்துக்குச் செம்மண் நிறமாகி, பிறகு ஒரேயடியாகக் கறுத்துவிடும். அதற்குள் காவலர் விசில் ஊதிவிடுவார்.